22சி3 பி.டி-எல்1 கிட்: சாயம் ஏறிவிடும், எண்ணுவதில்தான் தகராறு

சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து தரலாமா என்று பார்க்க, செல் சவ்வில் உள்ள பி.டி-எல்1 புரதத்துக்குச் சாயம் ஏற்றும் கிட் இது. 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் பெற்றது. ஸ்லைடுக்குத் தானாகச் சாயம் ஏற்றும் ஆட்டோஸ்டெயினர் லிங்க் 48 கருவி இல்லாத லேப் இதை வாங்கிப் பயனில்லை. ஒப்புதலே அந்தக் கருவிக்குத்தான்.

பெட்டியில் 50 டெஸ்ட் என்று இருக்கும். ஆனால் 15 ரன்னுக்கு (கருவியை ஒரு தடவை ஓட்டுவது ஒரு ரன்) மேல் தாங்காது; சாயம் சரியாக ஏறியதா என்று காட்ட ரன்னுக்கு ஒன்றாக வைக்கும் கன்ட்ரோல் ஸ்லைடே அவ்வளவுதான். வரும் கேஸை வந்த அன்றே தனியாக ஓட்டினால் 15 பேரோடு கிட் காலி. மூன்று நான்கு கேஸ் சேர்த்து ஓட்டினால்தான் கட்டுப்படியாகும்.

கன்ட்ரோல் ஸ்லைடில் பி.டி-எல்1 உள்ள என்.சி.ஐ-எச்226 செல்களின் சவ்வில் பழுப்பு ஏற வேண்டும், அது இல்லாத எம்.சி.எஃப்-7 செல்கள் வெறுமையாக நிற்க வேண்டும். இதில் கோளாறு வருவது குறைவு. கோளாறெல்லாம் திசு லேபுக்கு வருமுன்பே நடந்துவிடுகிறது. 10% பஃபர் செய்த ஃபார்மலினில் 12 முதல் 72 மணி நேரம் கிடக்க வேண்டிய பயாப்சியை அவசரமென்று மூன்று மணியில் எடுத்தால் முடிவை நம்ப முடியாது. எலும்புக்குப் பரவிய கட்டியை டீகால்சிஃபை செய்திருந்தால் (சுண்ணாம்பை நீக்கியிருந்தால்) இந்த டெஸ்டே வேண்டாம்.

இனி எண்ணிக்கை. புற்றுச்செல்களில் சவ்வில் சாயம் பிடித்தவை எத்தனை சதவீதம் என்பதுதான் முடிவு. உயிருள்ள புற்றுச்செல் 100 இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ‘திசு போதாது’ என்று எழுதுங்கள், 0% என்று எழுதாதீர்கள். சவ்வில் அரைகுறையாக, மங்கலாகப் பிடித்த செல்லும் கணக்கில் சேரும். சைட்டோபிளாசத்தில் மட்டும் பிடித்தது சேராது. மங்கல் சாயம் 4எக்ஸ் லென்ஸில் கண்ணுக்குத் தப்பிவிடும், 20எக்ஸ் போட்டே தீர வேண்டும். பெரிய பொறி மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல். காற்றறைக்குள் கொத்தாக, நல்ல பழுப்பில் உட்கார்ந்து புற்றுச்செல் போலவே ஏமாற்றும். அதையும் சேர்த்து எண்ணினால் 40% கேஸ் 50% என்ற எல்லையைத் தாண்டி, சிகிச்சையே மாறிவிடும். செல் வடிவத்தைக் காட்டும் வழக்கமான எச்&ஈ சாய ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. புகைக்கரியா சாயமா என்ற சந்தேகத்துக்கு அதே திசுவில் பி.டி-எல்1 ஆன்டிபாடி இல்லாமல் ஓட்டிய நெகட்டிவ் கன்ட்ரோல் ஸ்லைடு பதில் சொல்லும். காசை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடாதீர்கள்.

இந்த எண்ணை நோயின் போக்கைச் சொல்லும் ஜாதகமாக வாசிப்பதும் தவறு. மருந்துத் தேர்வுக்கான எண் இது. 80% வந்தாலும் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற மரபணு மாற்ற டெஸ்டுகளின் முடிவு வராமல் பெம்ப்ரோலிசுமாப் தொடங்கக் கூடாது. சிறு பயாப்சி என்றால் எல்லா டெஸ்டுக்குமான வெட்டுகளையும் ஒரே அமர்வில் எடுத்துவிடுங்கள். திசு பதித்த மெழுகு பிளாக்கை மறுபடி மைக்ரோடோமில் (மெல்லியதாக வெட்டும் கருவியில்) ஏற்றி மட்டப்படுத்தும்போதே பாதித் திசு போய்விடும்.