லோனுக்கு முன்னாடி கணக்கு: பிஎம்எஃப்எம்இ டிஆர்பி சேவை, என் அனுபவம்

பாபநாசம் பக்கம் மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனியில அவல், மாவு போடுற சின்ன யூனிட் வைக்கணும்னு எங்க மச்சானுக்கு ஆசை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போட்டுத் தர்ற ஆளு ஒருத்தர்கிட்ட போனோம், காசு வாங்கிட்டு கையில குடுத்த ரிப்போர்ட்டுல மொத வருஷத்துலேர்ந்தே மெஷின் 300 நாளும் ஃபுல்லா ஓடுதுன்னு போட்டிருந்துச்சு, நெல்லு எந்த மாசம் வாங்குவோம்னு ஒரு வரி இல்ல.

அப்புறம்தான் சின்ன உணவு தொழிலுக்கு லோனோட சப்சிடியும் குடுக்க மத்திய அரசு 2020ல கொண்டுவந்த பிஎம்எஃப்எம்இ திட்டத்துல, டிஆர்பின்னு (மாவட்ட வள நபர்) ஒருத்தர் ரிப்போர்ட் போட, லோனுக்கு அப்ளை பண்ண உதவுவாருன்னு தெரிஞ்சு பாத்தோம். நமக்கு ஃபீஸ் கிடையாது, அவருக்கு திட்டத்துலேர்ந்தே குடுத்துடுவாங்க.

மனுஷன் மெஷின் கொட்டேஷனை தொடவே இல்லீங்க. "வாங்குறது யாரு சார், கடை பேரு சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சாரு. அடுத்து நெல்லு. இந்த ரகமெல்லாம் சம்பா பட்டத்துல ஒரு தடவைதான் வரும், தை மாசி அறுப்புல வாங்கி வச்சாத்தான் வருஷம் பூரா ஓட்ட முடியும், அப்போ பணம் அத்தனையும் மூட்டையில முடங்கும். சப்சிடி 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், ஆனா அது மெஷின் மாதிரி முதலீட்டுக்குத்தான், நெல்லு வாங்குற காசுக்கு இல்ல. அதுவும் உடனே கைக்கு வராது, பேங்க்லயே தனியா நிக்கும், 3 வருஷம் லோனை ஒழுங்கா கட்டி யூனிட்டும் ஓடிட்டிருந்தாத்தான் கடன்ல கழிப்பாங்க. 12 லட்சத்துக்கு மெஷின்னா நம்ம பங்கு குறைஞ்சது 1.2 லட்சம், அதுக்கு மேல நெல்லுக்கு தனியா காசு வேணும். இந்த ஒரு விஷயம் தெரியாமத்தான் நிறைய பேரு மாட்டிக்கிறாங்கன்னு எனக்கு தோணுது.

எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, மெஷின் வாங்காம என்ன பண்ணலாம்னும் அவரே எழுத வச்சாரு. மொத சீசன் வேற மில்லுல கூலிக்கு அடிச்சு நம்ம பாக்கெட்ல வித்துப் பாக்குறது, இல்லன்னா தஞ்சாவூர்ல இருக்கிற நிஃப்டெம்ங்கிற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தோட இன்குபேஷன் சென்டர்ல கட்டணம் கட்டி செஞ்சு பாக்குறது, கடைசியா சொந்த யூனிட். மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, பாதி அளவு ஓடுனா தவணை கட்ட முடியுமான்னு போட்டுப் பாத்தோம். மச்சான் இப்போ கூலிக்கு அடிக்கிறதுலேர்ந்து ஆரம்பிக்கிறாரு, லோனுக்கு அடுத்த அறுப்பு முடிஞ்சு போடலாம்னு இருக்கோம்.

ஒண்ணு கவனிங்க, லோன் சாங்ஷன் ஆனாத்தான் டிஆர்பிக்கு பணம், அதனால எல்லாருமே இவரு மாதிரி நிதானமா இருப்பாங்கன்னு சொல்ல முடியாது, லோனை பத்தியே பேசுனா நீங்களே நிறுத்தி விக்கிற கணக்கை கேளுங்க. போகும்போது ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்டோட கொட்டேஷன் ரெண்டு மூணு எடத்துல வாங்கிட்டு போங்க, வாங்குறேன்னு சொன்ன கடைக்காரங்க லிஸ்டும் கண்டிப்பா இருக்கட்டும், எங்களை அதுக்குத்தான் மொத நாளே திருப்பி அனுப்புனாரு. என் மார்க்கு அஞ்சுக்கு நாலரை.