பிலிப்பைன்ஸில் நாலு வருஷ எம்.டி.: பணம் கட்டுவதற்கு முன் மாதங்களை எண்ணுங்கள்

பி.எஸ்சி. முடித்த பிள்ளையை எப்படியாவது டாக்டராக்கிவிட வேண்டும் என்று பிலிப்பைன்ஸ் பக்கம் விசாரித்துக்கொண்டிருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பத்து லட்சத்துக்கு மேல் போயிற்று. தங்கச்சிக்கு ஒன்றரை வருஷம் போயிற்று. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது.

தங்கச்சி பி.எஸ்சி. விலங்கியல். 2023 நீட்டில் தேறினாள், ஆனால் அந்த மதிப்பெண்ணுக்கு அரசு சீட்டு கிடைக்காது. அப்போதுதான் மதுரையில் ஒரு ஏஜென்சிக்கு அப்பாவும் நானும் போனோம். அங்கே இருந்தவர் அப்பாவிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "ஐயா, பாப்பா ஏற்கெனவே டிகிரி முடிச்சிருச்சு. மறுபடி முதல்ல இருந்து ஆறு வருஷம் எதுக்கு? டைரக்டா எம்.டி., நாலே வருஷம்."

பாதி உண்மை அது. பிலிப்பைன்ஸில் மருத்துவம் நம்மூர் மாதிரி பிளஸ் டூ முடித்ததும் சேரும் படிப்பு இல்லை. முதலில் ஒரு பட்டம், அப்புறம் என்மேட் என்ற நுழைவுத் தேர்வு, அதற்கு அப்புறம் நாலு வருஷ எம்.டி. இங்கே எம்.டி. என்றால் மேற்படிப்பு. அங்கே அதுதான் அடிப்படை டாக்டர் பட்டம், நம் எம்.பி.பி.எஸ். மாதிரி. இதை அவர் சொல்லவே இல்லை. 'டைரக்டா எம்.டி.' என்று கேட்டதும் அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

வெளிநாட்டில் மருத்துவம் படித்து வருகிறவர்களுக்கு இங்கே இருக்கும் 54 மாத விதியைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டிருந்ததால் நானே கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். படிப்பு 48 மாதம், இன்டர்ன்ஷிப் 12 மாதம், கூட்டினால் 60. "54-ஐத் தாண்டிருச்சுல்ல தம்பி?" என்று 60-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தக் கணக்கு தப்பு. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18-இல் வெளியிட்ட விதியில், படிப்பு மட்டுமே குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதற்குக் கூடுதலாக, படித்த அதே நிறுவனத்தில் 12 மாதம் இன்டர்ன்ஷிப். 'கூடுதலாக' என்ற அந்த ஒரு சொல்லை அவர் விழுங்கிவிட்டார். 48 மாதப் படிப்பை முடித்து வருகிறவர் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. முன்னால் படித்த பி.எஸ்சி. மூன்று வருஷத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது: படித்த நாட்டின் குடிமக்களுக்குக் கிடைப்பதற்குச் சமமான உரிமம் நமக்கும் அங்கே கிடைக்க வேண்டும். பிலிப்பைன்ஸின் 1987 அரசியல் சட்டமோ, சட்டம் தனியாக விலக்கு தந்தாலொழிய, டாக்டர் மாதிரித் தொழில்களை அந்நாட்டுக் குடிமக்கள் மட்டுமே செய்யலாம் என்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்தை எங்களிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை.

சரி, பணத்துக்கு வருகிறேன். மொத்தம் 24 லட்சம் 'பேக்கேஜ்' என்றார்கள். முதல் தவணை 7,20,000 ரூபாய். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டினோம். கல்லூரிக்கு நேரடியாகக் கட்டுகிறோம் என்றபோது, "அங்க இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் தனியா கட்ட முடியாது ஐயா, எங்க மூலமாத்தான்" என்றார்கள். தங்கச்சி 2024 மார்ச்சில் என்மேட் எழுதி, ஆகஸ்டில் சேர்ந்தாள். சேர்ந்த பிறகு கல்லூரிக் கவுன்டரிலேயே போய் அவள் கணக்கைக் கேட்டிருக்கிறாள். எங்கள் பெயரில் வரவாகியிருந்தது 1,85,000 பெசோ, அதாவது ஏறக்குறைய 2,75,000 ரூபாய். அங்கே யாரும் நேரடியாகக் கட்டலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மீதியைக் கேட்டால் விசா, என்மேட், ஹாஸ்டல் என்றார்கள், கூட்டிப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. அப்புறம்தான் ரசீதை ஒழுங்காகப் படித்தேன். 'கல்விக் கட்டணம்' என்ற வார்த்தையே அதில் இல்லை. 'சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. இரண்டாம் தவணையாக இன்னொரு 3,10,000 கட்டிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ஹாஸ்டலும் ஏஜென்சியுடையதுதான். விசா நீட்டிக்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த தவணை தாமதமானதும் அதைத் தரவில்லை. கடைசியில் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பிரிவு தலையிட்டுத்தான் திரும்பக் கிடைத்தது. பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள்.

54 மாத விஷயத்தை அவளுக்குப் புரிய வைத்தது ஏஜென்சியும் இல்லை, கல்லூரியும் இல்லை. அதே ஹாஸ்டலில் இருந்த கடைசி வருஷ சேலத்து அக்காதான். "நாங்க 2021 நவம்பருக்கு முன்னாடி சேர்ந்தவங்க, எங்களுக்கு அந்த விதி இல்ல. உனக்கு உண்டுடி. முதல்ல வீட்டுக்குப் போன் பண்ணு" என்றிருக்கிறாள். ஏஜென்சி சுவரில் மாட்டியிருந்த போட்டோக்கள் அப்போதுதான் எனக்கு விளங்கின. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராக எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வைப் பாஸ் பண்ணி வெள்ளைக் கோட்டோடு நிற்கும் அத்தனை பேரும் பழைய விதியில் சேர்ந்தவர்கள். படம் பொய் இல்லை, ஆனால் இப்போது சேருகிறவர்களுக்கு அது பொருந்தாது. உங்களுக்கும் அப்படி ஒரு படத்தைக் காட்டினால், அவர் எந்த மாதம் எம்.டி.யில் சேர்ந்தார் என்று கேளுங்கள்.

இப்போது படிப்பை நீட்டிவிட்டோம் என்று உங்களிடம் சொல்லலாம். அப்படியானால் இன்டர்ன்ஷிப் இல்லாமல் படிப்பு மட்டும் எத்தனை மாதம், இன்டர்ன்ஷிப் எந்த மருத்துவமனையில், வருஷத்துக்கு எத்தனை பெசோ என்று கல்லூரி பதிவாளரிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் அனுப்பும் வாட்ஸ்அப் படம் வேண்டாம். நீட்டே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்து இங்கே தொழில் செய்ய நினைப்பவருக்கும் நீட் தேர்ச்சி கட்டாயம்.

தங்கச்சி 2025 ஜனவரியில் திரும்பி வந்தாள். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது, "அண்ணா, அம்மா நகை எப்போ மீட்கலாம்?" என்றுதான். போலீஸில் புகார் கொடுத்த பிறகு ஏஜென்சி ஒன்றரை லட்சம் திருப்பித் தந்தது. மீதிக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கிறது. அந்த 60 வட்டம் போட்ட தாளையும் ரசீதையும் அங்கே கொடுத்திருக்கிறோம். உங்களிடமும் 'சேவைக் கட்டணம்' என்று போட்ட ரசீது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், பத்திரமாக வையுங்கள்.