நான்கு நகரமா, பத்து நகரமா, பக்கத்து வீட்டுக்காரரின் நகரமா?

நகரங்கள் அமைத்து நாட்டை வளர்க்கும் ‘சிவிலைசேஷன் 6’ கணினி ஆட்டத்தில் ஆறு பேர் ஒரே வரைபடத்தில் இறங்கினால், ஏறக்குறைய இருபதாவது சுற்றில் எல்லோருக்கும் ஒரே கேள்வி வந்து நிற்கிறது. தலைநகரில் மூன்று குடிமக்கள் இருப்பார்கள். கிழக்கே போன சாரணர் நல்லதொரு ஆற்றுச் சமவெளியைக் கண்டிருப்பார். அதற்கு அப்பால் பத்துக் கட்டங்கள் தள்ளி, இன்னொருவரின் எல்லைக்கோடு வேறு நிறத்தில் தெரியும். உற்பத்திப் பட்டியலைத் திறந்தால் புதிய நகரம் அமைக்கும் குடியேறி, வில்லாளர், உலக அதிசயம் மூன்றும் காத்திருக்கும். ஒரு நகரம் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்யும். அந்த இடத்தில் எடுக்கும் முடிவுதான் அடுத்த நூறு சுற்றுகளையும் இழுத்துச் செல்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

குடியேறிகளை அனுப்பிப் பரவுவது, பக்கத்து நாட்டின் மேல் படை எடுப்பது, சில நகரங்களோடு நின்று செழிப்பது என்ற மூன்று வழிகளையும் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். பேசுவதெல்லாம் 2019இல் வந்த ‘கேதரிங் ஸ்டார்ம்’ விரிவாக்கத்தின் விதிகளைப் பற்றி. ஆட்டக்காரர்கள் தாங்களே செய்து சேர்க்கும் மாற்றத் தொகுப்புகளில் எண்கள் வேறாக இருக்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மனிதர்கள் என்பதும் முக்கியம். கணினிக்கு எதிராகச் சரியாக இருக்கும் பல முடிவுகள் மனிதர்களிடம் தவறிப்போகின்றன.

முதலில் விலை. சாதாரண வேகத்தில் முதல் குடியேறிக்கு 80 உற்பத்தி. ஒவ்வொன்றை உருவாக்கும்போதும் அடுத்ததன் விலை 30 கூடும். ஆகவே மூன்று புதிய நகரங்களுக்கு 80, 110, 140 என மொத்தம் 330. ஒவ்வொரு குடியேறியும் புறப்படும்போது தாய் நகரத்திலிருந்து ஒரு குடிமகனையும் எடுத்துக்கொண்டு போகிறார். இப்போது படையைப் பாருங்கள். நான்கு வில்லாளர்கள் 240, இரண்டு போர்வீரர்கள் 80, மொத்தம் 320. எதிரி மதில் கட்டிவிட்டால் மதிலிடி பொறிக்கு இன்னொரு 65. விலையில் இரண்டு வழிகளும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கின்றன.

நாட்டுக்குச் சலுகை தரும் கொள்கை அட்டைகளும் இங்கே தீர்ப்புச் சொல்வதில்லை. ‘அகோகே’ அட்டை தொடக்ககாலப் படைகளுக்கு 50 சதவீதம் கூடுதல் உற்பத்தி தருகிறது. ‘காலனைசேஷன்’ அட்டை குடியேறிகளுக்கு அதே 50 சதவீதத்தைத் தருகிறது. ஒன்று இராணுவ இடத்திலும் மற்றொன்று பொருளாதார இடத்திலும் செருகப்படுவதால், முதல் அரசாங்கத்திலேயே இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘அகோகே’ கொஞ்சம் முன்னதாகவே கைக்கு வந்துவிடுகிறது. மூன்று கட்டங்களை மேம்படுத்தினால் அதற்கான ஆய்வு 40 சதவீதம் உந்திவிடப்படும். ‘காலனைசேஷ’னுக்கோ நாட்டில் ஆறு குடிமக்கள் சேர்ந்தால்தான் அந்த உந்துதல் கிடைக்கும். பலர் யோசிக்காமலேயே போரில் இறங்கிவிடுவதற்கு இந்தச் சிறு இடைவெளியே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அட்டை கையில் இருக்கும்போது படை கட்டாமல் இருக்க மனம் வருவதில்லை.

விலை ஒன்றே என்றால், கிடைப்பதை ஒப்பிட வேண்டும். படை வென்றால் வளர்ந்த நகரம் கிடைக்கும். குடிமக்கள், மேம்படுத்திய வயல்கள், சில வேளைகளில் எதிரியே கட்டிமுடித்த வளாகம் என எல்லாம் சேர்ந்து வரும். ஒரு போட்டியாளரும் குறைவார். குடியேறி வழியில் கிடைப்பது ஒரே ஒரு குடிமகன் இருக்கும் வெற்று நகரம். இந்த அளவில் பார்த்தால் போர்தான் மேல். இரண்டு பேர் மட்டும் ஆடும் ஆட்டத்தில் அது உண்மையும்கூட.

ஆனால் ஆறு பேர் ஆடுகிறோம். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் முப்பது சுற்றுகள் மோதிக்கொண்டால், அந்த முப்பது சுற்றுகளின் இலாபம் எங்கள் இருவருக்கும் வருவதில்லை. அது மற்ற நால்வருக்குப் போகிறது. என் வில்லாளர் ஒவ்வொருவரும் சுற்றுக்கு ஒரு பொன் தின்கிறார். எதிராளியோ குடியேறிக்குப் பதிலாக 80 உற்பத்தியில் மதில் கட்டுகிறார். அவருடைய முதல் குடியேறியின் விலையும் அதே 80 என்பதைக் கவனியுங்கள். நான் படை அனுப்பியதால் அவருக்கு ஒரு நகரம் குறைந்தது. எனக்கும் மூன்று நகரங்கள் குறைந்தன. கடலுக்கு அப்பால் இருப்பவருக்கு எதுவும் குறையவில்லை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஓர் ஆட்டத்தில் ஐம்பத்தைந்தாவது சுற்றுக்குள் பக்கத்து நாட்டின் தலைநகரைப் பிடித்துவிட்டேன். அன்றைக்கு இருந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. தொண்ணூறாவது சுற்றில் கடல் தாண்டிக் கப்பல் போனபோது, எதிர்க்கரையில் ஒருவர் பதினோரு நகரங்களோடு பல்கலைக்கழகங்கள் கட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் ஐந்து. அதோடு, தோற்ற நண்பர் ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. மிச்சமிருந்த ஒரே நகரத்திலிருந்து குதிரைப்படை அனுப்பி, கடைசிவரை என் வயல்களையும் சுரங்கங்களையும் கொள்ளையடித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வெல்லும் எண்ணமே இல்லை, நான் வெல்லக்கூடாது என்பது மட்டுமே இருந்தது. கணினி எதிராளியின் மனக்குறையை ஆட்டம் ஓர் எண்ணாகக் காட்டுகிறது. அந்த எண் காலப்போக்கில் தேய்ந்துவிடும். மனிதரின் மனக்குறை தேய்வதில்லை, அடுத்த சனிக்கிழமை ஆட்டத்திலும் அது கூடவே வருகிறது.

வேகமும் போருக்கு எதிராகவே நிற்கிறது. பலர் சேர்ந்து ஆடும்போது பெரும்பாலும் ‘ஆன்லைன்’ வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் விலைகள் ஏறக்குறைய பாதியாகிவிடும். படை நடக்கும் வேகம் மட்டும் மாறாது. போர்வீரர் எந்த வேகத்திலும் சுற்றுக்கு இரண்டு கட்டங்கள்தான் நடப்பார். பத்துக் கட்டங்கள் தாண்டி, காட்டையும் குன்றையும் கடந்து போய்ச் சேர எட்டுச் சுற்றுகள் என்றால், அந்த எட்டுச் சுற்றுகளில் எதிராளி சாதாரண வேகத்தைவிட இருமடங்கு வேலையை முடித்திருப்பார். நீங்கள் கிளம்பும்போது மதில் இல்லாத நகரம், போய்ச் சேரும்போது மதிலுடன் வரவேற்கும். மதில் வந்துவிட்டால் நகரமே உங்கள் மேல் எய்யத் தொடங்கும். வில்லாளர்களின் தாக்குதலோ நகரங்களுக்கு எதிராக 17 புள்ளி குறைந்துதான் கணக்கிடப்படுகிறது.

அப்படியானால் போரே வேண்டாமா? வேண்டிய இடங்கள் உண்டு. சுமேரியா கையில் வந்தால் போர் ரதங்கள் எந்தத் தொழில்நுட்பமும் இல்லாமல் முதல் சுற்றிலேயே கிடைக்கின்றன. அவற்றின் வலிமை 30, எதிரே நிற்கும் போர்வீரரின் வலிமை 20. ஸ்கைத்தியாவுக்கு ஓர் இலகு குதிரைப்படையின் விலையில் இரண்டு வரும். இவற்றை எடுத்துக்கொண்டு அமைதியாகக் குடியேறுவது கிடைத்ததை வீணாக்குவதுதான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாலை, மூன்றாவது நகரத்துக்கே இடமில்லை என்ற நிலையும் உண்டு. அங்கே போருக்கு மாற்று கிடையாது.

இன்னொரு வகைப் போர் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எதிராளி தன் இரண்டாவது குடியேறியைக் காவலின்றி அனுப்புகிறார். உங்கள் போர்வீரர் அருகில் நிற்கிறார். திடீர்ப் போர் அறிவித்து அந்தக் கட்டத்தில் கால் வைத்தால், 110 உற்பத்தி மதிப்புள்ள குடியேறி அப்படியே உங்களுடையவர். ஐந்தாம் பதிப்பில் பிடிபட்ட குடியேறி வெறும் வேலையாளாக மாறிவிடுவார். ஆறில் குடியேறியாகவே இருக்கிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்த்தும் முறையில் இது இன்னும் கூர்மையாகிறது. ஒரு சுற்றின் கடைசி நொடியில் நெருங்கி, அடுத்த சுற்றின் முதல் நொடியில் பாய்ந்தால், எதிராளி கை வைப்பதற்குள் இரண்டு நகர்வுகள் முடிந்திருக்கும். சில குழுக்கள் இதைத் தடை செய்கின்றன. ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. நம் பக்கத்தில் செய்ய வேண்டியது எளிது: குடியேறியும் போர்வீரரும் ஒரே கட்டத்தில் நிற்க முடியும், ஆகவே சேர்த்தே அனுப்புங்கள்.

மூன்றாவது வழி, நான்கு நகரங்களோடு நிறுத்திக்கொண்டு அவற்றைச் செழிக்கவைப்பது. இது 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து பலர் சுமந்து வரும் பழக்கம். அங்கே அதற்கு நியாயம் இருந்தது. ஒவ்வொரு நகரமும் நாடு முழுவதற்குமான மகிழ்ச்சியிலிருந்து மூன்றைப் பறித்தது, ஒவ்வொரு குடிமகனும் ஒன்றைப் பறித்தார். 2013 விரிவாக்கத்துக்குப் பிறகு நகரம் கூடக்கூட ஆய்வின் விலையும் ஏறியது. ‘டிரெடிஷன்’ கொள்கையின் இலவசக் கட்டடங்கள் முதல் நான்கு நகரங்களுக்கு மட்டுமே கிடைத்தன. நான்கு என்ற எண் அங்கிருந்துதான் பலரின் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆறில் அந்தத் தண்டனைகள் இல்லை. மகிழ்ச்சிக்குப் பதிலாக வந்த வசதிப் புள்ளிகள் நகரவாரியாகக் கணக்கிடப்படுகின்றன. ஓர் ஆடம்பரப் பொருள் நான்கு நகரங்களுக்குப் போதும். கல்வி, வணிகம் போன்றவற்றுக்கான வளாகங்களான சிறப்பு மாவட்டங்கள் ஒரு நகரத்தில் 1, 4, 7, 10 குடிமக்கள் என்ற படிகளில் திறக்கின்றன. நாற்பது குடிமக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு நகரங்களில் பத்துப் பத்தாக இருந்தால் 16 மாவட்டங்கள். பத்து நகரங்களில் நான்கு நான்காக இருந்தால் 20. பத்துப் பேரை ஒரே ஊரில் தங்கவைக்கக் குடியிருப்பு வசதிக்காகப் போராட வேண்டும், ஏனென்றால் நன்னீர்க் கரையில் அமைந்த நகரமே ஐந்து இடங்களோடுதான் தொடங்குகிறது. நான்கு பேர் அங்கே சிரமமின்றி வாழ்வார்கள். வணிக மையத்தில் சந்தை கட்டிய ஒவ்வொரு நகரமும் ஒரு வணிகப் பாதை கூட்டித் தருவதையும் சேர்த்துப் பார்த்தால், நான்கு நகரத் திட்டத்துக்கு வாதாட என்னால் முடியவில்லை. அதிசயங்கள் நிறைந்த ஒரே தலைநகரம் மனித எதிராளிகள் நடுவில் அழைப்பிதழ் போல நிற்கிறது. யாரோ ஒருவர் படையோடு வந்தே தீருவார்.

ஆகவே என் வாக்கு பத்து நகரங்களுக்கு. மக்னஸ் என்ற ஆளுநருக்கு ‘புரொவிஷன்’ பதவி உயர்வு கொடுத்து ஒரு நகரத்தில் அமர்த்தினால், அங்கே உருவாகும் குடியேறிகள் குடிமக்களைக் குறைப்பதில்லை. மூதாதையர் மண்டபம் கட்டினால் அதே நகரத்தில் குடியேறிகளுக்கு இன்னொரு 50 சதவீதம் கிடைக்கும், புதிய நகரம் ஒவ்வொன்றும் ஓர் இலவச வேலையாளுடன் பிறக்கும். பொற்காலம் கிடைத்து அதற்கான ‘மானுமென்டாலிட்டி’ சலுகையைத் தேர்ந்தால், சமயப் புள்ளி கொடுத்தே குடியேறிகளை வாங்கலாம். இவையெல்லாம் பலருக்கும் தெரிந்தவை. உண்மையான சிக்கல், அந்தப் பத்தில் முதல் இரண்டை எங்கே வைப்பது என்பதில் இருக்கிறது.

எல்லையோரமாகவா, முதுகுப்புறமாகவா? முதுகுப்புறம் பத்திரமானது. அதனாலேயே அது காத்திருக்கும், முப்பது சுற்று கழித்துப் போனாலும் அங்கே நிலம் இருக்கும். நடுவில் கிடக்கும் ஆற்றுச் சமவெளி காத்திருக்காது. எதிராளியின் சாரணரும் அதைப் பார்த்திருக்கிறார். ஆகவே முதல் குடியேறி நடுநிலத்துக்குப் போகட்டும் என்கிறேன். ஆனால் அவருடைய வாசலுக்குப் போகக்கூடாது. இங்கேதான் விசுவாசக் கணக்கு, அதாவது ஒரு நகரம் எந்த நாட்டின் பக்கம் சாயும் என்ற கணக்கு, வருகிறது. ஒவ்வொரு குடிமகனும் ஒன்பது கட்டங்கள் வரை தன் நாட்டுக்காக அழுத்தம் தருகிறார். ஒவ்வொரு கட்டத்துக்கும் அது பத்து சதவீதம் குறையும். எதிராளியின் தலைநகரில் ஏழு பேர், உங்கள் புது நகரம் ஐந்து கட்டம் தள்ளி என்றால், அங்கிருந்து வரும் அழுத்தம் 3.5. உங்கள் தலைநகரில் நான்கு பேர், ஆறு கட்டம் தள்ளி என்றால் 1.6. புது நகரத்தின் ஒரே குடிமகனைச் சேர்த்தாலும் 2.6தான். நகரம் சுற்றுக்குச் சுற்று கைநழுவும். ஆளுநரை அனுப்பி அமர்த்தினால் சுற்றுக்கு 8 கிடைத்துத் தப்பும், ஆனால் மக்னஸுக்கு வைத்திருந்த ஆளுநர் பட்டம் அங்கே போய்விடும். அதே நகரத்தை இரண்டு கட்டம் பின்னால், ஆற்றுக்கு இந்தப் பக்கம், குன்றின் மேல் வைத்தால் கணக்கு 2.1க்கு 3.4 என்று உங்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. படை வந்தாலும் ஆற்றைக் கடந்துதான் மோத வேண்டும்.

அந்த இரண்டு கட்டங்கள் விசுவாசத்துக்கு மட்டும் உரியவை அல்ல. வாசலில் நகரம் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் போர் அறிவிப்பாகவே படிக்கிறார், நீங்கள் என்ன நினைத்து வைத்தீர்கள் என்பது அவருக்குத் தேவையில்லை. இரண்டு கட்டம் பின்வாங்கி வைத்து, ‘ஆற்றுக்கு அந்தப் பக்கம் உங்களுடையது’ என்று உரையாடலில் ஒரு வரி எழுதுங்கள். இந்த ஒரு வரி எனக்குக் காப்பாற்றித் தந்த நகரங்கள் பல.

அந்த வரிக்கு நல்ல பதில் வந்தால், உடனே நட்பு அறிவிப்புக் கேளுங்கள். படையை எல்லையில் நிறுத்தி மிரட்டுவதைவிட இது மலிவு. சாதாரண வேகத்தில் முப்பது சுற்றுகளுக்கு இருவரும் ஒருவர் மேல் ஒருவர் போர் அறிவிக்கவே முடியாது. மனிதர்களின் வாக்குறுதிகளில் ஆட்டமே காவல் நிற்கும் வாக்குறுதி இது. அந்த முப்பது சுற்றுகளில் வில்லாளர்களை நிறுத்திவிட்டு ஐந்து குடியேறிகளை அனுப்பலாம். பக்கத்தில் இருப்பவரும் அதையே செய்வார். இருவரும் வளர்ந்தால் கடலுக்கு அப்பால் இருப்பவரின் முன்னேற்றம் தனிச் சலுகையாக இராது.

நட்பு கையெழுத்தான சுற்றின் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதிலிருந்து இருபதாவது சுற்றில் ஆற்றங்கரை நகரத்தில் மதிலைத் தொடங்குங்கள். இருபத்தைந்தாவது சுற்றில் ‘மறுபடியும் நட்பு நீட்டிக்கலாமா’ என்று கேளுங்கள். உடனே ‘சரி’ என்று வந்தால் அடுத்த குடியேறியை முதுகுப்புறம் அனுப்பலாம். இரண்டு சுற்றுகள் பதில் வராமல், அவருடைய எல்லைக்குள் குதிரைகள் கூடத் தொடங்கினால், குடியேறியை நிறுத்திவிட்டு அந்த நகரத்தில் ஒரு வில்லாளரை ஏற்றுங்கள்.