மேசை ஸ்டாண்டும் ‘கிளி மிக்ஸ்’ பாக்கெட்டும்: எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கழற்றிவிடணும்

பைன் மரச் சட்டம், உட்கார மூன்று குச்சி, ஓர் ஏணி, ஓர் ஊஞ்சல், இரண்டு தீனிக் கிண்ணம், எச்சம் விழ அடியில் ஒரு தட்டு. நம் பக்கத்துப் பறவைக் கடைகளிலும் ஆன்லைனிலும் ‘பேர்ட் பிளே ஸ்டாண்டு’ என்று ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்பதெல்லாம் அநேகமாக இந்த ஒரே அமைப்புதான். பெட்டி மேல் ஒட்டிய பெயர்தான் மாறும். சட்டத்துக்குக் காசு கொடுக்கலாம். அதில் மாட்டி வருகிற சாமான்களில் முக்கால்வாசியைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

முதல் குறை குச்சி. மூன்றுமே கடைசலில் உருட்டிய ஒரே கனம், ஒரே வழவழப்பு. பறவை நாளெல்லாம் நிற்பது காலில்தான். ஒரே கனத்தில் நின்றால் உள்ளங்காலின் ஒரே இடம் அழுந்திக்கொண்டே இருக்கும். முதலில் தோலில் வரி மறைந்து பளபளக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் புண்ணாகும். சில கடைக்காரர்கள் இதற்கு உப்புத்தாள் உறை தருகிறார்கள். அது நகத்தைத் தேய்க்காது, பாதத்தைத்தான் தேய்க்கும்.

நல்லவேளையாக இந்தக் குச்சிகள் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்க்ரூவில்தான் நிற்கின்றன. கழற்றிவிட்டுக் கொய்யாக் கொம்பு போடலாம். காக்டெய்லுக்கு, அதாவது தலையில் கொண்டை வைத்த ஆஸ்திரேலியக் கிளிக்கு, ஒன்றரை முதல் இரண்டரை செ.மீ., பட்ஜிக்கு, அதாவது கடையில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கும் சின்னப் பறவைக்கு, ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. கனம். கால் குச்சியைச் சுற்றி முக்கால் பாகம் பிடித்தால் சரி. நகங்கள் எதிர்ப்பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டால் குச்சி மெலிசு. கணுவும் வளைவும் உள்ள கொம்பாகப் பார்த்து எடுங்கள், பட்டையைச் சீவ வேண்டாம். வேம்பும் நல்லதுதான், பட்டையை உரிக்கிறதே பறவைக்கு அரை நாள் வேலை. அரளி, எருக்கு பக்கம் போகவே கூடாது. மருந்தடித்த தோட்டத்துக் கொம்பும் வேண்டாம்.

வெட்டிய கொம்பை அன்றைக்கே மாட்டுவது எல்லோரும் செய்கிற தப்பு. பச்சை மரம் காயும்போது சுருங்கும், ஸ்க்ரூ பிடி தளரும், பறவை வந்து உட்கார்ந்ததும் குச்சி உருளும். ஒரு தடவை அப்படி உருண்டுவிட்டால் அந்த ஸ்டாண்டு பக்கமே அது வராது. தேய்த்துக் கழுவி, நிழலில் இரண்டு வாரம் காயவிட்டு, முனையில் மூன்று மி.மீ. துளை போட்டபிறகு ஸ்க்ரூவை ஏற்றுங்கள். துளை போடாமல் ஏற்றினால் முனை பிளந்துவிடும்.

அடுத்தது இரும்புச் சாமான். ஊஞ்சல் கொக்கி, பொம்மைச் சங்கிலி எல்லாம் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு. கிளி எதையும் நாக்கால் தொட்டு, அலகால் சுரண்டித்தான் தெரிந்துகொள்ளும். துத்தநாகம் உள்ளே போனால் வாந்தி, தண்ணீராக எச்சம், இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் தூக்கம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வலையில் கூண்டு அடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: புது வலையை வினிகர் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகே பறவையை விடணும். கொக்கிகளுக்குப் பதில் காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் வளையம் வாங்குங்கள். சாவிக்கொத்து வளையம் ஆகாது, அதன் இடுக்கில் அலகு மாட்டும். கீறல் வாய் உள்ள சலங்கையில் விரல் மாட்டும். கண்ணாடியையும் கழற்றுங்கள், தனியாக வளரும் பட்ஜி கண்ணாடிக்குள் தெரிவதைத் துணை என்று நினைத்துத் தின்றதையெல்லாம் கக்கி ஊட்டிக்கொண்டே கிடக்கும்.

காக்டெய்லுக்கு ஸ்டாண்டின் எடை போதும். கன்னூர் என்ற தென்னமெரிக்கக் கிளி ஊஞ்சலாடினால் சாயும். கிரானைட், கடப்பாக்கல் வெட்டும் கடையில் தட்டு அளவுக்கு ஒரு துண்டு கேட்டு வாங்கி, அடியில் போட்டு மேலே செய்தித்தாள் விரித்தால் அசையாது. கழுவவும் லேசு.

இனி காலியான கொக்கிகளில் என்ன தொங்கவிடுவது? இங்கேதான் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு லாபம். காட்டுக் கிளி பகலின் பெரும்பகுதியை இரை தேடுவதிலேயே கழிக்கிறது. கிண்ணத்தில் கொட்டிய தீனி சீக்கிரம் தீர்ந்துவிடும். மிச்ச நேரத்துக்கு வேலை இல்லாமல்தான் கத்துகிறது, தன் இறகையே பிடுங்குகிறது. ஆகவே பொம்மை என்பது அழகுக்கு அல்ல, இரையை ஒளித்துவைக்க. சாயம் போடாத பனையோலையை விரல் அகலத்துக்குக் கிழித்து, நடுவில் நாலு தினை மணி வைத்து முடிச்சிட்டுத் தொங்கவிடுங்கள். அலகை ஓரத்தில் நுழைத்து, நார் நாராகக் கிழித்து, மணியை நாக்கால் உருட்டி எடுக்கிற வரை பறவைக்கு வேறு நினைப்பு இருக்காது. முதல் இரண்டு நாள் முடிச்சைத் தளர்வாகப் போட்டு, மணி வெளியே தெரிகிற மாதிரி விடணும். தொடக்கத்திலேயே இறுக்கிக் கட்டினால் அது வெறும் ஓலை என்று விட்டுவிடும்.

பத்தமடைப் பக்கம் கிடைக்கும் சாயமில்லாத கோரைத் துண்டுகளும் இதற்குத் தோது. சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றிய கோரை வேண்டாம். சிரட்டை போடுவதானால் உள்ளே ஒட்டிய தேங்காயைச் சுத்தமாகச் சுரண்டி, வெயிலில் காயவைத்தபின் போடுங்கள். மிச்சமிருந்தால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சை பிடிக்கும். அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமான்களும் நல்ல பொம்மைதான், ஆனால் கடைசல்காரரிடம் கேட்டு வண்ணம் ஏற்றாத உருண்டைகளாக வாங்கணும். பருத்திக் கயிற்றைத் தவிருங்கள். பிசிறு விரலைச் சுற்றி இறுகும், விழுங்கினால் தீனிப்பையில் அடைக்கும்.

ஓலைக் கொட்டானை அப்படியே தொங்கவிடாதீர்கள். இருட்டான குழிவு என்றால் பெட்டைப் பறவைக்கு அது கூடு. ஜோடி இல்லாமலே முட்டையிடத் தொடங்கும். சுண்ணாம்புச் சத்து குறைந்த உடம்பில் முட்டை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அடியை வெட்டி, வெளிச்சம் ஊடுருவுகிற வளையமாக்கி மாட்டுங்கள்.

ஸ்டாண்டைச் சமையலறையிலோ மின்விசிறிக்குக் கீழேயோ வைக்கக் கூடாது. நான்ஸ்டிக் தோசைக்கல் காலியாகச் சூடேறினால் வரும் புகையில் பறவை சில நிமிடத்தில் செத்துவிடும். தென்காசிப் பக்கத்து ஆனி, ஆடிக் காற்றுக்கு நேராகவும் வேண்டாம்.

கூடவே விற்கும் ‘கிளி மிக்ஸ்’ பாக்கெட்டுக்கு வருவோம். தினையும் சாமையும் கம்பும் பரவாயில்லை, மேலே பார்வைக்குத் தூவியிருக்கும் சூரியகாந்தி விதைதான் தொந்தரவு. பறவை அதை மட்டும் பொறுக்கித் தின்னும், அதில் கொழுப்பு அதிகம். பொறுக்கி எடுத்துத் தனி டப்பாவில் வையுங்கள். காக்டெய்லுக்கு நாளைக்கு ஐந்தாறு, அதுவும் கையில் வந்து வாங்கினால். பாக்கெட் பழசா என்று பார்க்க ஒரு ஸ்பூன் மணியை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். மூன்று நாளில் பாதிகூட முளைக்கவில்லை என்றால் அடுத்த முறை கடையை மாற்றலாம். நிலக்கடலை கலந்த மிக்ஸை வாங்கவே வேண்டாம், பூஞ்சை நச்சு கண்ணுக்குத் தெரியாது.

நல்ல மணியாகவே இருந்தாலும் அதில் விட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை, சுண்ணாம்புச் சத்தும் கொஞ்சம்தான். விட்டமின் ஏ குறைந்தால் வாய்க்குள் வெள்ளைத் திட்டு, ஓயாத தும்மல். இதற்கு மருந்து சந்தையில் இருக்கிறது. இரண்டு காக்டெய்லுக்கு ஒரு வாரக் கணக்கு இது: உருவிய முருங்கைக்கீரை 30 கிராம், துருவிய கேரட் 50, மஞ்சள் பூசணி 50, குடைமிளகாய் 30, உப்பில்லாமல் உதிரியாக வேகவைத்த குதிரைவாலி 50. பூசணி கிடைக்காத வாரம் ஆவியில் வேகவைத்த சீனிக்கிழங்கு. ஒரு பச்சை மிளகாயையும் விதையோடு நறுக்கிப் போடலாம். பறவைக்கு மிளகாயின் காரம் உறைக்காது.

எல்லாவற்றையும் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போனபின் நறுக்குங்கள். இதை அவசரப்பட்டுச் செய்தால் கலவை நசநசத்து மறுநாளே புளிக்கும். ஐஸ் தட்டில் குழிக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் 14 கட்டியாக ஃப்ரீசரில் வைத்து, தினம் இரண்டை முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றினால் போதும். முளைகட்டிய பாசிப்பயறை உறையவைக்காமல் அன்றன்றைக்குச் சேர்க்கணும். நம் வெயிலில் எட்டு மணி நேரம் ஒரே தண்ணீரில் ஊறினால் வாடை வந்துவிடும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, முளை அரிசி நீளம் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

காலை ஆறு மணிக்குக் கலவை, இரண்டு மணி நேரம் கழித்துக் கிண்ணத்தை எடுத்துவிட்டு மணித் தீனி. மணியை மொத்தமாக நிறுத்திப் பட்டினி போட்டுக் கலவைக்குப் பழக்குவது கொலைக்குச் சமம். தினம் காலையில் சமையலறைத் தராசில் கிராம் கணக்கு எழுதுங்கள். 90 கிராம் பறவை 81-க்கு வந்தால் பழக்குவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகணும். திருநெல்வேலியை ஒட்டிய ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அவகாடோ, சாக்லேட், வெங்காயம், பூண்டு, வேகாத மரவள்ளி, காராசேவு எதுவும் ஆகாது. டீயில் நனைத்த பிஸ்கட்டும்தான், தாத்தாக்கள் கவனிக்க. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீனின் ஓட்டைக் கடையில் வாங்கலாம். உவரிக் கடற்கரையில் பொறுக்கியதென்றால் தண்ணீர் மாற்றி மூன்று நாள் ஊறவைத்துக் காயவிடுங்கள்.

நம்மூர்ப் பச்சைக்கிளிக்கு இந்த ஸ்டாண்டு வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைப்பதே குற்றம். சன் கன்னூர் போன்ற வெளிநாட்டு இனங்களைப் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யணும். பட்ஜிக்கும் காக்டெய்லுக்கும் அந்த வேலை இல்லை.

மதிப்பெண் கேட்டால், ஸ்டாண்டுக்கு ஐந்துக்கு மூன்று, அதுவும் குச்சி மாற்றியபிறகு. மிக்ஸுக்கு இரண்டு. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இரண்டையும் விட்டுவிட்டு ஒரு கிராம் தராசு வாங்குங்கள். கொம்பும் ஓலையும் காசில்லாமல் கிடைக்கும், தினையும் சாமையும் மளிகைக் கடையிலேயே இருக்கிறது.