காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பூச்சாடி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பீங்கானும் கண்ணாடியும் இந்தப் பழம்பொருள் கடைகளில் நிறைய. புதுச்சரக்கும் கலந்திருக்கும் என்பதால் சாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்: ஜப்பானியப் பீங்கானின் ‘நிப்பான்’ (Nippon) முத்திரை பெரும்பாலும் 1921க்கு முந்தையது. போலி முத்திரையும் உண்டு. அடிவளையத்தில் இயல்பான தேய்மானம் தெரிய வேண்டும். சுண்டினால் மந்தமாக ஒலிக்கும் பீங்கானில் விரிசலோ ஒட்டுவேலையோ இருக்கலாம்.

கண்ணாடிச் சாடியை ஈரத்துணியால் துடைத்துக் காட்டினால், காயும்வரை பொறுங்கள். நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்பும் வெண்மங்கல் கண்ணாடியே அரிக்கப்பட்டதன் அடையாளம், வினிகருக்கும் போகாது. அதற்கு முழுவிலை கொடுக்காதீர்கள்.

மயிரிழை விரிசலுள்ள அழகான பீங்கான் குறைந்த விலைக்குக் கிடைத்தால் விடவேண்டாம். தண்ணீரை நேரடியாக ஊற்றினால் விரிசலில் கறை ஏறும். உள்ளே கண்ணாடி டம்ளர் வைத்து அதில் பூவைச் செருகுங்கள்.