குழந்தைகளுக்கான குதிரையேற்ற ‘முழு செட்’ வாங்கி ஏமாந்தேன், நீங்களும் ஏமாறாதீர்கள்

என் மகளுக்கு ஒன்பது வயது. குதிரை என்றால் உயிர். பயிற்சி வகுப்பில் சேர்த்த அன்றே “அப்பா, எனக்கு டிரெஸ்?” என்று ஆரம்பித்துவிட்டாள். வகுப்பில் விசாரித்தேன். “முழுக்கால் பேன்ட், ஷூ, ஹெல்மெட் இருந்தா போதும் சார்” என்றார்கள். எந்த மாதிரி ஷூ, எந்த மாதிரி ஹெல்மெட் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆன்லைனில் தேடியதும் முதலில் வந்து நின்றது ஒரு ‘முழு செட்’. கறுப்பு வெல்வெட் ஹெல்மெட், முழங்கால் வரை பூட்ஸ், ஜோத்பூர் பேன்ட், மார்புக்குப் பாதுகாப்பு ஜாக்கெட், கையுறை, எல்லாம் ஒரே பெட்டியில். படத்தில் ஒரு குட்டிப் பெண் குதிரைமேல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கீழே “போட்டித் தரம்”, “சான்றிதழ் பெற்றது” என்று கொட்டை எழுத்து. விமர்சனங்கள் முழுக்க ஐந்து நட்சத்திரம். இப்போது திரும்பப் படித்துப் பார்த்தால், எல்லோரும் “ரொம்ப அழகு”, “பாப்பாவுக்கு சூப்பரா இருந்துச்சு” என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு குதிரையில் ஏறியதாக ஒருவர்கூட எழுதவில்லை. பாதிப் பேர் மாறுவேடப் போட்டிக்கு வாங்கியிருப்பார்கள் போல.

வளரும் பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிதாகவே ஆர்டர் போட்டேன். இந்தத் தப்பை விற்றவர் தலையில் கட்ட முடியாது, அது என்னுடையது.

முதல் இரண்டு வகுப்புகளில் ஓர் உதவியாளர்தான் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடத்தினார். பிள்ளை என்ன போட்டிருக்கிறாள் என்று யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது வகுப்பு முடிந்து இறங்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

இறங்கும்போது இரண்டு கால்களையும் அங்கவடியிலிருந்து (சேணத்தில் தொங்கும், கால் வைக்கும் வளையம்) எடுத்துவிட்டுத்தான் கீழே குதிக்க வேண்டும். வலது கால் வந்துவிட்டது. இடது கால் வரவில்லை. அவள் இழுக்கிறாள், பூட்ஸ் அசையவே இல்லை. அடியில் மலையேறுகிற ஷூ மாதிரி வரிவரியாக ஆழமான பள்ளம். அதில் அங்கவடியின் விளிம்பு போய் உட்கார்ந்துகொண்டது. போதாததற்கு, அழகுக்காக மேலே தைத்திருந்த பக்கிள் அங்கவடியின் வளைவில் மாட்டிக்கொண்டது. நல்லவேளை, அது வயதான குதிரை. காதை ஒருமுறை ஆட்டிவிட்டு அப்படியே நின்றது. மூத்த பயிற்சியாளர் ஓடிவந்து அவள் குதிகாலைப் பிடித்து, மெல்லத் திருகி, பக்கிளைக் கழற்றி விடுவித்தார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்குக் கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது.

அவர் கேட்ட முதல் கேள்வி: “இந்த பூட்ஸை எங்க சார் வாங்கினீங்க?”

அப்புறம் பொறுமையாக விளக்கினார். குதிரையிலிருந்து விழுந்தால்கூட பெரும்பாலும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடலாம். கால் அங்கவடியில் மாட்டிய நிலையில் விழுந்து, குதிரையும் மிரண்டு ஓடினால் கதையே வேறு. அதனால்தான் குதிரையேற்ற பூட்ஸின் அடிப்பாகம் கிட்டத்தட்ட வழவழப்பாக இருக்கும். குதிகால் மட்டும் ஒன்றிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் உயரம், பாதம் அங்கவடிக்குள் முழுதாக நுழைந்துவிடாமல் தடுப்பதற்கு. விளையாட்டு ஷூவில் அந்தக் குதிகால் இல்லை. மழைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ் அகலம் அதிகம், சிக்கிக்கொள்ளும். தொங்கும் லேஸ், முன்பக்க பக்கிள் எதுவும் கூடாது. அங்கவடியும் பூட்ஸைவிட மொத்தமாக இரண்டரை சென்டிமீட்டர் அகலம் கூடுதலாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கென்றே வெளிப்பக்கத்தில் ரப்பர் வளையம் வைத்த அங்கவடி உண்டு. கால் இழுபட்டால் வளையம் கழன்று காலை விட்டுவிடும். பயிற்சி இடத்தில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்டேன், இருந்தது, கிடங்கில்!

பூட்ஸை முடித்துவிட்டு ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார். உள்ளே கட்டை விரலால் அழுத்தினார். ‘டக்’கென்று பிளாஸ்டிக் சத்தம். நகத்தால் உள்துணியைத் தூக்கினார். அடியில் பள்ளிக்கூடப் பையில் வைப்பது மாதிரி மெல்லிய ஸ்பான்ஜ், அதற்கு அடியில் வெறும் பிளாஸ்டிக். துணி மடிப்புக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு லேபிள்: உடை அலங்காரத்துக்கு மட்டும், பாதுகாப்புக்கு அல்ல. “இது ஹெல்மெட் இல்ல சார், தொப்பி” என்றார்.

நல்ல ஹெல்மெட்டில் வெளி ஓட்டுக்குள் தெர்மாகோல் மாதிரி, ஆனால் இறுக்கமான, தடித்த நுரை இருக்கும். விழும்போது அந்த நுரை நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் மறுபடி எழும்பாது. வெளியே கீறல்கூடத் தெரியாது. அதனால் பலமாக ஓர் அடி பட்டால் ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும், பழைய ஹெல்மெட்டை யாரிடமிருந்தும் வாங்கவே கூடாது. ஹெல்மெட்டின் முன்விளிம்பு கெட்டியாக, அசையாமல் இருந்தாலும் வேண்டாம். முகம் குப்புற விழும்போது அதுவே நெம்புகோல் மாதிரி தலையைப் பின்னால் தள்ளும். வளையக்கூடிய, கழன்றுவிடக்கூடிய விளிம்புதான் சரி.

“சைக்கிள் ஹெல்மெட் இருக்கே, அது போதாதா?” என்று நானும் கேட்டேன். போதாது. குதிரையேற்ற ஹெல்மெட் பின்மண்டையில் இன்னும் கீழே இறங்கி மூடும். விழுவதோடு குளம்பு, லாடம் படுவதையும் கணக்கில் வைத்து விளிம்புள்ள இரும்பின்மேல் மோதவைத்துச் சோதிப்பார்கள்.

லேபிளில் பார்க்க வேண்டியவை: அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்1163 (கூடவே எஸ்இஐ முத்திரை), பிரிட்டனின் பிஏஎஸ் 015, ஐரோப்பாவின் விஜி1 01.040, ஸ்னெல் இ வரிசை. இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். என் பெட்டியின்மேல் ‘சிஇ’ (ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்ற குறி) என்ற இரண்டு எழுத்து மட்டும் பெரிதாக இருந்தது. எந்தத் தரநிலையின்படி என்ற எண் எங்கேயுமே இல்லை. எண் இல்லாத ‘சிஇ’யை நம்பி பிள்ளையின் தலையை ஒப்படைக்க முடியாது.

அளவு எடுப்பது சுலபம். புருவத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் மேலே, தலையின் அகலமான சுற்றளவில் டேப் வைத்து அளக்க வேண்டும். போட்ட பிறகு நாடாவைக் கட்டாமலே தலையை ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் அசைந்தால் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும், ஹெல்மெட் மட்டும் தனியாக ஆடக் கூடாது. என் மகளுடையது ‘ஒரு சைஸ் பெரிது’ புண்ணியத்தில் மூக்கு வரை இறங்கியது. முடியையும் குதிரையில் ஏறும்போது எப்படிக் கட்டுவாளோ அப்படியே கட்டிவிட்டு அளவு பாருங்கள். பிடரியில் தாழ்வாகக் கட்டுவது நல்லது. உச்சிக் கொண்டை ஹெல்மெட்டை முன்னால் தள்ளும்.

வீட்டில் ஒரு பெரியவர், “சின்னப் பிள்ளை, நடை நடையாத்தானே போறா, இதுக்குப் போய் இவ்வளவா?” என்றார். கோர்ட்னி கிங்-டை 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகக் குதிரையேறியவர். 2010 மார்ச்சில் பயிற்சியின்போது குதிரை கால் இடறி விழுந்தது. அன்று அவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. மண்டை ஓடு உடைந்து வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். உயரத் தாண்டவில்லை, பந்தயத்தில் ஓடவில்லை. உயரத் தொப்பி போட்டுக்கொண்டு சவாரி செய்த டிரெஸ்ஸாஜ் (குதிரையை நளினமாக நடக்க வைத்துக் காட்டும்) போட்டிகளிலேயே சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 தொடக்கத்திலிருந்து ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. இதைச் சொன்ன பிறகு பெரியவர் பேசவில்லை.

பாதுகாப்பு ஜாக்கெட் கதை இன்னும் மோசம். பிரித்துப் பார்த்தால் துணிக்குள் தலையணைப் பஞ்சு. உண்மையான பாடி ப்ரொடெக்டரில் கெட்டி நுரைக் கட்டைகள் இருக்கும், இஎன் 13158 என்ற எண்ணும், பீட்டா லெவல் 3 லேபிளும் இருக்கும். (இது விலங்கு நல பீட்டா இல்லை, பிரிட்டனின் குதிரையேற்றப் பொருள் வணிகர் சங்கம்.) லெவல் 1 என்பது பந்தய ஜாக்கிகளுக்கானது, பிள்ளைகளுக்கு வாங்க வேண்டாம். பின்னால் கழுத்தடியில் துருத்தும் எலும்பு வரை மேலே வர வேண்டும், விலா எலும்புக்குக் குறைந்தது 25 மில்லிமீட்டராவது கீழே இறங்க வேண்டும், உட்கார்ந்தால் சேணத்தில் இடிக்கவும் கூடாது. உடல் சூட்டில் நுரை இளகும், அதனால் போட்டு ஐந்து பத்து நிமிடம் கழித்து மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

பேன்ட்டைப் பற்றி ஒன்றுதான்: உள்தொடையில் தடித்த தையல். இரண்டாவது வகுப்புக்கு மறுநாள் பிள்ளை உட்காரவே முடியாமல் அழுதாள். 1897இல் ஜோத்பூரின் சர் பிரதாப் சிங் இங்கிலாந்துக்குப் போட்டுக்கொண்டு போய்ப் பிரபலமாக்கிய உடை அது. அந்தப் பேரை வைத்துக்கொண்டு இப்படித் தைத்தால்! மற்றபடி கழுத்துத் துணி, கயிறு தொங்கும் தலைமூடி, பொத்தான் போடாத ஜாக்கெட், தொங்கும் கம்மல், மோதிரம், எதுவும் குதிரைப் பக்கம் வேண்டாம்.

இனி விற்றவர் சங்கதி. முதல் நாள் “சான்றிதழ் இருக்கு சார்” என்று ஒரு படம் அனுப்பினார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் அது வேறு மாடல் ஹெல்மெட்டுக்கு உரியது. கேட்டதும் இரண்டு நாள் பதிலே இல்லை. அப்புறம், தலையில் போட்ட பொருள் என்பதால் சுகாதாரக் காரணத்துக்காகத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். படங்களோடு ஒற்றை நட்சத்திர விமர்சனம் போட்டதும் ஒரு மணி நேரத்தில் பதில்: விமர்சனத்தை நீக்கினால் பாதிப் பணம். நீக்கவில்லை. பணமும் வரவில்லை. விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தேன், ‘பரிசீலனையில்’ என்றே நிற்கிறது.

ஒரு வாரத்தில் அந்தப் பக்கமே காணாமல் போனது, என் விமர்சனமும் அதோடு போனது. இன்று காலை சும்மா தேடிப் பார்த்தேன். வேறு பெயரில் ஒரு கடை, அதே செட், அதே குட்டிப் பெண் குதிரைமேல். “மூன்று மட்டுமே மீதம்” என்று சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.