முதல் வாரம் மூன்று கிலோ: ஒரு ஸ்லிம்மிங் பேக்கேஜின் கணக்கு

எடை குறைக்கும் சென்டரில் பணம் கட்டப் போகிறவர்கள், கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஊர் பாளையங்கோட்டை. சென்டர் பெயரைப் போடவில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. தவிர, வேறு பெயரில் அடுத்த தெருவில் திறக்க அவர்களுக்கு ஒரு ஃபிளெக்ஸ் போர்டு போதும். பெயரை விடுங்கள், செய்கிற விதத்தைக் கவனியுங்கள். மதுரையிலோ சேலத்திலோ இதே வித்தையை இதே வரிசையில் செய்தால் அடையாளம் தெரிய வேண்டும்.

என் உயரம் 158 செ.மீ., அப்போது எடை 78 கிலோ. பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கும் எடைக்குமான கணக்கு, 31. இந்தியர்களுக்கு 25-ஐத் தொட்டாலே உடல் பருமன் என்றுதான் டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மூட்டு வலியும் சேர்ந்துகொண்டது. ஆகவே எடை குறைய வேண்டும் என்பதில் வழக்கே இல்லை.

பேக்கேஜ் 28,000 ரூபாய், மூன்று மாதத்துக்கு. ஷேக் பவுடர், ‘ஹெர்பல் டீ’, ‘ஃபேட் பர்னர்’ கேப்ஸ்யூல், வாரா வாரம் இடுப்பில் பெல்ட் கட்டி வியர்க்க வைப்பது. இத்தனைக்கும் கடைசியில் ஒரு டயட் சீட்டு, அது மட்டும் ஃப்ரீ. லேமினேட் செய்து, ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். 28,000 ரூபாயில் வேலை செய்தது அந்த ஃப்ரீ சீட்டு ஒன்றுதான்.

முதலில் எடை பார்த்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் விட்டு சாயங்காலம் போனேன். பட்டுச் சேலை இல்லை என்றாலும் நல்ல கனமான காட்டன் சேலை, கையில் வளையல், மதியம் சாப்பிட்ட சாப்பாடு, வழியில் குடித்த காபி, எல்லாவற்றோடும் மெஷினில் ஏறச் சொன்னார்கள். வெறும் காலோடு ஏறி நின்றால் எடை, கொழுப்புச் சதவீதம் எல்லாம் காட்டும் மெஷின். எனக்கு 41 வயது. அது ‘உடல் வயது 56’ என்றது. கோச் என்று ஒரு சின்னப் பெண். “அக்கா, பாத்தீங்களா, உள்ளுக்குள்ள உங்களுக்கு ரிட்டயர்மென்ட் வயசு ஆயிட்டு” என்று உச்சுக் கொட்டியது. அதற்குப் பிறகு எடை பார்க்க வரச் சொன்னதெல்லாம் காலையில். “வெறும் வயித்துல வாங்கக்கா, சுடிதார் போட்டுட்டு வாங்க, பாத்ரூம் போயிட்டு வாங்க.” சேலைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரும். அந்த மெஷினும் காலில் லேசான மின்சாரத்தை விட்டு, உடம்பிலுள்ள நீரை வைத்துக் கொழுப்பைக் கணிக்கிற சாதனம். தண்ணீர் கூடக் குறைய இருந்தால் கொழுப்புக் கணக்கும் மாறும். வீட்டில் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உடையில் தொடர்ந்து பார்ப்பதற்கு அது சரி. மற்றபடி அதில் வரும் ‘உடல் வயது’க்கெல்லாம் ஒரு மரியாதையும் கிடையாது.

முதல் வாரம் மூன்று கிலோ இறங்கியது. கைதட்டி, போட்டோ எடுத்து, வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டார்கள். இப்போது அந்த டயட் சீட்டுக்கு வருவோம்.

காலையில் ஒரு ஸ்கூப் ஷேக், தண்ணீரில் கலந்து. மதியம் எண்ணெய் போடாத சப்பாத்தி இரண்டு, அவித்த காய் ஒரு கப், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. சாயங்காலம் வெள்ளரிக்காய், ஒரு டம்ளர் நீர்மோர். ராத்திரி மறுபடியும் ஷேக். கூட்டிப் பார்த்தால் 500 கலோரிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. என் உடம்புக்கு, உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு, ஒரு நாளைக்கு 1,800 கலோரி தோராயமாகச் செலவாகும். பற்றாக்குறை 1,300. ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஆக ஏழு நாளும் அட்சரம் பிசகாமல் சீட்டைப் பின்பற்றினாலும் கணக்குப்படி கரையக்கூடிய கொழுப்பு 1.2 கிலோதான். மீதி எங்கே போனது? ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்று மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டினி போட்டால் முதலில் காலியாவது அதுதான். குடலில் இருப்பதும் குறைந்துபோகும். அதோடு அந்தச் சேலை.

800 கலோரிக்குக் கீழே போகிற உணவுமுறையை மருத்துவர் கண்காணிப்பில், ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அவ்வளவு வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரலாம் என்பதும் ஒரு காரணம். இங்கே கொடுத்தது லேமினேட் சீட்டு. புரதக் கணக்கு அதைவிட மோசம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு தினம் 0.83 கிராம், எனக்கு 65 கிராம் வேண்டும். சீட்டில் இருந்ததோ, அந்த ஷேக்கையும் சேர்த்து, அதில் பாதி. புரதமும் இல்லை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் உடம்பு கொழுப்போடு தசையையும் சேர்த்தே எரிக்கும். தசை குறைந்தால் அன்றாடக் கலோரிச் செலவும் குறையும். பழையபடி சாப்பிட ஆரம்பித்த அன்றே எடை திரும்பி வரக் கிளம்பிவிடும். இந்த ஏற்பாட்டில் வாடிக்கையாளர் மறுபடி வருவார் என்பது உறுதி.

உடற்பயிற்சியைப் பற்றி அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நடக்காதீங்கக்கா. நடந்தா மசில் ஏறி வெயிட் கூடிரும். பெல்ட்டு பாத்துக்கிடும்.” 500 கலோரியில் இருப்பவள் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடந்தால் மயங்கி விழுவாள், அப்புறம் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் விஷயம் என்று பின்னால் புரிந்தது. பெல்ட்டில் போவது வியர்வை. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் போன இடத்துக்கே வந்துவிடும்.

டீ விஷயத்தைக் கண்டுபிடித்தது என் அத்தை, அதாவது மாமியார். நான் அடிக்கடி பாத்ரூம் ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஒரு டீ பையைக் கிழித்துத் தட்டில் கொட்டினார்கள். சாம்பல் பச்சையில் ஒடுங்கலான இலைத் துண்டுகள். மோந்து பார்த்துவிட்டு, “இது நிலாவரைல்லா? இதையா காசு குடுத்து வாங்கிட்டு வந்த?” என்றார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி மானாவாரிக் காடுகளில் காலங்காலமாக விளைவிக்கிற பயிர். வெளிநாட்டுச் சந்தையில் அதற்குத் ‘தின்னவேலி சென்னா’ என்றே பெயர். எங்கள் ஊர் இலையையே எங்களுக்குப் பொட்டலம் கட்டி, ‘டீடாக்ஸ்’ என்று எழுதி விற்றிருக்கிறார்கள். கோச்சிடம் கேட்டால், “டாக்ஸின் வெளிய போகுதுக்கா” என்றது.

நிலாவரை நல்ல மருந்துதான், மலச்சிக்கலுக்கு, சில நாளைக்கு. அது வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் கலோரியெல்லாம் அதற்கு முன்னாலேயே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு முடிந்திருக்கும். ஆகவே பேதியாவதால் ஒரு கலோரிகூட உருப்படியாகக் குறையாது. போவது தண்ணீரும் பொட்டாசியமும். மாதக்கணக்கில் குடித்தால் கால் கெண்டை பிடிக்கும், இதயத் துடிப்பின் ஒழுங்கே கெடலாம். எனக்குக் கெண்டைக்காலோடு நின்றது.

கேப்ஸ்யூல்தான் பயமுறுத்தியது. வாய் வறண்டு போகும், ராத்திரி தூக்கம் வராது, படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கும். எங்கள் குடும்ப டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, “ஏம்மா, உனக்கு பிரஷர் கிடையாதே” என்று மறு கையிலும் பார்த்தார். 150/100. “என்ன சாப்பிடுத, எல்லாத்தையும் கொண்டா” என்றார். டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘100% நேச்சுரல்’ என்று இருக்கிறது. தயாரித்தவர் முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் இல்லை. உள்ளே இருப்பது என்ன என்று ஒரு வரிகூட இல்லை.

அவர் சொன்ன விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சிபுட்ரமின் என்று ஒரு மருந்து 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பசியைக் குறைக்க உலகம் முழுக்க விற்றது. இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் வரும் அபாயத்தைக் கூட்டுகிறது என்று பெரிய ஆய்வில் தெரிந்து 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் 2011 பிப்ரவரியில் தடை. தடை போட்ட பிறகும் அது ஒழியவில்லை. ‘மூலிகை’, ‘நேச்சுரல்’ என்று விற்கும் எடைக் குறைப்பு மாத்திரைகளில் ரகசியமாகக் கலந்திருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வருஷா வருஷம் எச்சரிக்கை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. வாய் வறட்சி, தூக்கமின்மை, படபடப்பு, பிரஷர், நான்குமே அதன் பக்க விளைவுப் பட்டியலில் உண்டு. என் டப்பாவில் இருந்தது அதுதான் என்று நான் குற்றம் சாட்டவில்லை. உள்ளே என்ன என்று எழுதாத ஒன்றை விற்றார்கள் என்பதுதான் என் புகார். கேப்ஸ்யூலை நிறுத்திய பிறகு பிரஷர் இறங்கியது. டீயையும் சீட்டையும் அதோடு ஏறக்கட்டினேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது அதற்கும் பிறகுதான். பட்டினி கிடந்ததற்கு முடி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கணக்குத் தீர்க்குமாம்.

“அப்போ எடை குறைய மருந்தே கிடையாதா சார்?” என்று கேட்டேன். உண்டு. ஆர்லிஸ்டாட் இருக்கிறது. உணவிலுள்ள கொழுப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைச் செரிக்காமல் வெளியேற்றும். அதைப் போட்டுக்கொண்டு பஜ்ஜியும் போண்டாவும் சாப்பிட்டால் எண்ணெய் எண்ணெயாகவே வெளியே வரும், பஸ் பயணத்தில் மானம் போய்விடும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் சரியாக உறிஞ்சப்படாததால் படுக்கப்போகும் நேரத்தில் தனியாக வைட்டமின் மாத்திரை போட வேண்டும். அப்புறம் இப்போது எல்லோரும் பேசுகிற ஊசி. மவுஞ்சாரோ, வெகோவி இரண்டும் 2025-இல் இந்தியாவுக்கு வந்தன. வெகோவியில் இருக்கும் செமாகுளூடைடை வைத்து நடந்த முக்கியமான ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. விளம்பரத்தில் இதுவரைக்கும்தான் வரும். அந்த ஆய்வில் மருந்து ஊசி போட்டவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்டவர்கள் இரு தரப்புக்குமே தினம் 500 கலோரி குறைத்த உணவும், வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சியும் சொல்லித்தான் நடத்தினார்கள். நிறுத்திய பிறகு ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. உண்மையான மருந்துக்கே கதி இதுதான் என்றால், முகவரியில்லாத டப்பாவைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? இந்த ஊசியை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஜிம்மிலோ பார்லரிலோ யாராவது நீட்டினால் கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டயட்டீஷியன் போட்டுக்கொடுத்தது 1,400 கலோரி. இட்லி உண்டு, சோறு உண்டு, தினம் முட்டையோ சுண்டலோ மீனோ கட்டாயம். வெட்டியது எண்ணெயிலும் நொறுக்குத் தீனியிலும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி, தாளிக்கும்போது யாரும் டீஸ்பூனில் ஊற்றுவதில்லை. ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் எனக்கு 250 கலோரி போல எரியும்; திரும்பி வரும் வழியில் இரண்டு மெதுவடை சாப்பிட்டால் நடந்தது சரிக்குச் சரி. அதனால் நடையை மட்டும் நம்பாதே, வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கு என்கிறார். தண்ணீர் கேன்தான் தூக்குகிறேன். மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்குகிறது. கைதட்ட ஆளில்லை.

பணம் கேட்டுப் போனபோது முதல் பதில், “பேக்கேஜ் ரீஃபண்ட் கிடையாதுக்கா, நீங்க சீட்டை ஒழுங்கா ஃபாலோ பண்ணல.” எடை இறங்கினால் பவுடரால், ஏறினால் என்னால். இரண்டாவது பதில் இன்னும் ஜோர்: “நீங்களே கோச் ஆயிருங்க. ரெண்டு பேரைச் சேத்துவிட்டா உங்க காசு வந்துரும்.” ஆள் சேர்த்துக் காசு பார்க்கும் பிரமிடு திட்டத்தை 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடை செய்திருக்கின்றன. மருந்தால் உடல் பருமனைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சுவர் முழுக்க ‘முன்’, ‘பின்’ போட்டோ மாட்டியிருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது.

பில் தரவில்லை. பணம் போனது கடைக் கணக்குக்கும் இல்லை, யாரோ ஒருவரின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கு. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், அங்கே சமரசம் வரவில்லை. மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்தாயிற்று. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கேப்ஸ்யூலைச் சோதிக்கப் போனதில்தான் ஒரு சிக்கல் தெரிந்தது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவில், வாங்கியவரே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். ஆனால் சோதிக்கத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். யார் அப்படிச் சொல்லி வாங்குவார்கள்? மிச்சமிருப்பது அதிகாரியே போய் மாதிரி எடுப்பது. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் அதற்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

ஆணையம் சென்டருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. இதே மாதிரி பேக்கேஜ் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், டப்பாக்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கேப்ஸ்யூல் மிச்சமிருந்தால் விழுங்காமல் அப்படியே மூடி வையுங்கள். யு.பி.ஐ. ஸ்கிரீன்ஷாட்டையும் கோச் அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் இன்றைக்கே இறக்கி வேறிடத்தில் வையுங்கள். நான் மனு கொடுத்த மறுநாளே குரூப்பைக் கலைத்துவிட்டார்கள்.